வெளிநாட்டில் இருந்து ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க முடியுமா? ஆயக்குடியில் தொடங்கி டெல்லி வரை போகும் சிக்கல்

பழனியில் இருந்து திண்டுக்கல் போகும் வழியில், சில கிலோமீட்டரிலேயே வந்துவிடும் ஊர் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பெயர் போனது. மலையடிவாரத் தோப்புகளில் இருந்து பழம் இறங்கும் காலத்தில் பறிக்க, தரம் பிரிக்க, பெட்டி கட்ட, வண்டி ஏற்ற ஆள் வேண்டும். அந்தக் கூலியை நம்பி ஓடும் வீடுகளில் ஆண்டுதோறும் மே மாதம் ஒரு கேள்வி வரும். பத்தாவது முடித்த பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா?

அந்த நேரத்தில் சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கும் ஒருவர், "பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன், மாசாமாசம் பணம் அனுப்பிடுறேன்" என்று சொன்னால்? கொடுக்க மனசு இருக்கிறது, வாங்கத் தேவை இருக்கிறது, நடுவில் ஒரு வங்கிக் கணக்கு போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், நடுவில் வங்கிக் கணக்கோடு உள்துறை அமைச்சகமும் இருக்கிறது. அனுப்புகிறவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, பணத்தை வாங்கிக் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து, ஒரே உதவி சட்டப்படி சரியாகவும் இருக்கலாம், ஐந்தாண்டு சிறைக்குரிய குற்றமாகவும் ஆகலாம்.

2017 மார்ச்சில் என்ன நடந்தது?

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நினைவுகூரப்படும் பெயர் கம்பேஷன் இன்டர்நேஷனல். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். ஒரு அமெரிக்கர், இந்தியாவில் உள்ள ஒரு பிள்ளையை 'ஸ்பான்சர்' செய்வார். மாதம் 38 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 2,500 ரூபாய். அந்தப் பிள்ளைக்கு மாலை நேரப் படிப்பு, சத்துணவு, மருத்துவப் பரிசோதனை, பள்ளிச் செலவு ஆகியவை உள்ளூர் மையம் ஒன்றின் வழியாகக் கிடைக்கும். பிள்ளை வருடத்துக்குச் சில கடிதங்கள் எழுதும். ஸ்பான்சர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அந்தப் பிள்ளையின் போட்டோ ஒட்டியிருக்கும்.

1968 முதல் இந்தியாவில் இயங்கிய இந்த நிறுவனத்தின் கீழ், கடைசிக் கட்டத்தில் சுமார் 1,45,000 பிள்ளைகள் இருந்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 கோடி டாலர் இந்தியாவுக்கு வந்தது. அதன் முக்கியப் பங்காளிகளில் ஒன்று சென்னையைச் சேர்ந்த கருணா பால் விகாஸ். இந்த நிதி மதமாற்றத்துக்குப் பயன்படுகிறது என்பது மத்திய அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. 2016-ல் கம்பேஷனை உள்துறை அமைச்சகம் 'முன் அனுமதி' பட்டியலில் வைத்தது. அதாவது, அந்த நிறுவனம் அனுப்பும் ஒவ்வொரு தொகையையும் அமைச்சகம் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வங்கி விடுவிக்க முடியும். ஒப்புதல் வரவில்லை. அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி இந்திய அரசிடம் பேசிப் பார்த்தார். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றும் 2016 டிசம்பரில் இதை விசாரித்தது. பலன் இல்லை. 2017 மார்ச் 15-ம் தேதியோடு கம்பேஷன் கடையைக் கட்டியது.

அமெரிக்கப் பத்திரிகைகள் இதை மத சுதந்திரப் பிரச்னையாக எழுதின. இந்திய அரசு, சட்டத்தை அமல்படுத்துவதாகச் சொன்னது. இரண்டு தரப்பிலும் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. மார்ச் மாதம் என்பது தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கும் மாதம். மதமாற்றக் குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பது ஒரு வழக்கு. ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு அடுத்த ஜூனில் யார் பொறுப்பு என்பது இன்னொரு வழக்கு. இரண்டாவது வழக்கை யாரும் தொடுக்கவே இல்லை.

அதோடு இது நின்றுவிடவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்டு விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நிதிப் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. குழந்தை ஸ்பான்சர்ஷிப் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் பெயர் அதுதான். இதுவரை ரத்தான பதிவுகள் நாடு முழுக்க 20,000-க்கும் மேல்.

இப்படி ஸ்பான்சர் செய்வதால் பலன் உண்டா?

சந்தேகப்படுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அநாதையான பிள்ளைகளுக்காக 1937-ல் தொடங்கிய திட்டம்தான் பின்னாளில் பிளான் இன்டர்நேஷனல் ஆனது. கொரியப் போரின் காலத்தில் வேர்ல்டு விஷனும் கம்பேஷனும் வந்தன. 'இந்தப் பிள்ளை உங்கள் பிள்ளை' என்று போட்டோவைக் காட்டி நிதி திரட்டுவது அப்போதே பழகிவிட்டது. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் தன் செய்தியாளர்களை வைத்துப் பல நாடுகளில் 12 பிள்ளைகளை ஸ்பான்சர் செய்து, பிறகு நேரில் போய்ப் பார்த்து, 1998-ல் செய்தி வெளியிட்டது. மாலி நாட்டில் ஒரு சிறுமி எப்போதோ இறந்துபோயிருந்தாள். அவள் பெயரில் பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பல நிறுவனங்களில் போட்டோ ஒரு பிள்ளையுடையது, செலவு ஊருக்குப் பொதுவானது என்பதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

ஆனால் கம்பேஷன் மாதிரி, பணத்தைக் குறிப்பிட்ட பிள்ளைக்கே செலவிடும் முறையைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ப்ரூஸ் வைடிக், பால் க்ளூவி, லெய்ன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளியலாளர்கள் இந்தியா உட்பட ஆறு நாடுகளில், சிறு வயதில் ஸ்பான்சர் கிடைத்து இப்போது பெரியவர்களாகிவிட்டவர்களையும், கிடைக்காத அவர்களது அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் ஒப்பிட்டார்கள். மொத்தம் 10,144 பேர். 2013-ல் ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, ஸ்பான்சர் கிடைத்தவர்கள் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களின் பங்கு 12 முதல் 18 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. ஸ்பான்சர் கிடைக்காதவர்களில் அது 44.5 சதவீதம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், இது சின்ன வித்தியாசம் இல்லை.

கவனிக்க வேண்டியது, பலன் அதிகம் தெரிந்த இடம் மேல்நிலைப் படிப்பு. ஒன்றாம் வகுப்புக்குப் போவதற்கு இன்று பெரும்பாலும் ஸ்பான்சர் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குத்தான் கை கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஏன் அவ்வளவு முக்கியம்?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்போடு அந்த உரிமை முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்குக் கீழே வேலையைத் தடை செய்கிறது. 14-ல் இருந்து 18 வரை ஆபத்தான வேலைகளுக்கு மட்டுமே தடை. அதாவது, படிக்கும் உரிமை முடிகிற அதே வயதில் வேலைக்குப் போகும் கதவு திறக்கிறது. சட்டம் எழுதியவர்கள் யோசித்துத்தான் செய்தார்களா என்று கேட்கத் தோன்றும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது நூற்பாலை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பதின்வயதுப் பெண்கள் மூன்று ஆண்டு மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால், முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கொடுப்போம், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஏஜென்ட்கள் வீடு தேடி வந்து பேசினார்கள். இடையில் நின்றால் அந்தப் பணம் கிடையாது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ உள்ளிட்ட அமைப்புகள் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு உலக அளவில் இது பேசுபொருளானது. ஜவுளி வாங்கும் வெளிநாட்டு கம்பெனிகள் கேள்வி கேட்டன. அந்தப் பெயர் மறைந்தது. ஆனால் விடுதியில் தங்க வைத்து மில் வேலை வாங்கும் முறை வேறு பெயர்களில் தொடர்கிறது.

ஏஜென்ட் ஒரு தொகையைச் சொல்கிறார். பள்ளிக்கூடம் எதைச் சொல்கிறது? அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. புத்தகம், பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் எல்லாம் இலவசம். எனவே பிள்ளை படிப்பதற்கு ஆகும் உண்மையான செலவு, அந்தப் பிள்ளை கொண்டுவராத கூலிதான். இதைப் புரிந்துகொள்ளாமல் 'ஃபீஸ் கட்டுகிறேன்' என்று வரும் ஸ்பான்சர், இல்லாத செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சரி, எஃப்.சி.ஆர்.ஏ என்ன சொல்கிறது?

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்தது. அதற்குப் பதிலாக 2010-ல் புதிய சட்டம் வந்தது. அதை 2020 செப்டம்பரில் மேலும் இறுக்கினார்கள். கல்வி, சமூகம், மதம் போன்ற நோக்கத்தோடு இயங்கும் யாரும் (தனிநபரும் இதில் அடக்கம்) வெளிநாட்டு நிதி வாங்க வேண்டுமானால் பதிவு வேண்டும், அல்லது முன் அனுமதி வேண்டும்.

பதிவு வாங்க, அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். ஆயக்குடி மாதிரி ஒரு பேரூராட்சியில் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் டிரஸ்ட் ஒன்று, ஐந்து பத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் டியூஷனும் கொடுத்துக்கொண்டிருக்கும். வெளிநாட்டு நிதி இல்லாமல் 15 லட்சத்தை எப்படிச் செலவழிக்கும்? 15 லட்சம் செலவழிக்க முடிந்தால் வெளிநாட்டு நிதி எதற்கு?

முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. சென்னையிலோ மதுரையிலோ உள்ள பெரிய அமைப்பு நிதியை வாங்கி, பதிவு பெற்ற சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 திருத்தம் அதை அடியோடு நிறுத்தியது. வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு யாருக்கும் மாற்றிவிடக் கூடாது. இரண்டு பேரிடமும் பதிவு இருந்தாலும் கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. எந்த ஊரில் இயங்கினாலும் பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வந்து சேர வேண்டும். இந்தத் திருத்தங்களை எதிர்த்த வழக்கில், 2022 ஏப்ரல் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வெளிநாட்டு நன்கொடை வாங்குவது யாருக்கும் முழு உரிமை ஆகிவிடாது என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை.

வெளிநாட்டுப் பணத்தைக் கண்காணிக்க எந்த நாட்டுக்கும் காரணம் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு சரியில்லாமல் மாட்டிய அமைப்புகளும் நிறைய. சிக்கல், பதிவை ரத்து செய்யும் உத்தரவில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் இருப்பதுதான். ஒரு தனியார் பள்ளியை அரசு மூடினால், மாணவர்களைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்பான்சர் நிதி நிற்கும்போது அப்படி யாரும் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் யார் அனுப்பலாம்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

துபாயிலோ தோஹாவிலோ இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்ப்பவர், தன் சம்பாத்தியத்தில் இருந்து வழக்கமான வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையே அல்ல. எஃப்.சி.ஆர்.ஏ பதிவு இல்லாத ஊர் டிரஸ்டுக்கும் அவர் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஆனால் சிங்கப்பூர், மலேசியா, கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர், அவர் ஆயக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், ஓ.சி.ஐ அட்டை கையில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நிதி மூலம்தான். அண்ணன் துபாயில், தம்பி டொராண்டோவில் என்றால், ஒரே டிரஸ்டுக்கு அண்ணன் கொடுப்பது நன்கொடை. தம்பி கொடுத்து, டிரஸ்டும் பதிவில்லாமல் வாங்கிக்கொண்டால் அது குற்றம்.

உறவினருக்கு அனுப்புவதில் தடை இல்லை. ஒருவர் ஓராண்டில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினரிடம் இருந்து 10 லட்சம் ரூபாய்க்கு மேல் பெற்றால் மட்டும் மூன்று மாதத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சித்தப்பா கனடாவில் இருந்து அண்ணன் மகளைப் படிக்க வைப்பதில் ஒரு சிக்கலும் இல்லை.

உறவு இல்லாத பிள்ளைக்கு? வெளிநாட்டு நிதி வாங்கவே கூடாதவர்கள் என்று வேட்பாளர், அரசு ஊழியர், பத்திரிகையாளர் போன்றோரைச் சட்டம் பட்டியலிடுகிறது. அவர்கள்கூட கல்வி உதவித்தொகை வாங்கலாம் என்று 4-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. அந்தப் பட்டியலிலேயே இல்லாத சாதாரண மாணவருக்குப் பதிவு நிபந்தனையும் பொருந்தாது. அது நோக்கத்தோடு திட்டம் நடத்துவோருக்கானது. ஒரு லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள, சொந்த உபயோகத்துக்கான பரிசுப் பொருளும் நன்கொடைக் கணக்கில் வராது. ஒரு லேப்டாப் அதற்குள் அடங்கிவிடும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "ஊர்ல ஒரு சார் இருக்கார், அவர் அக்கவுன்ட்ல போட்டுடலாம், அவர் நாலு பிள்ளைங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடுவார்." வெளிநாட்டுத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இயல்பாக வரும் யோசனைதான் இது. அந்த 'சார்' நல்லவராகவே இருக்கட்டும். வெளிநாட்டுக் குடிமக்கள் பலரிடம் வாங்கி, பல பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதும், அவர் ஒரு கல்வித் திட்டம் நடத்துபவராகப் பார்க்கப்படுவார். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அனுப்பியவர் டொராண்டோவில் நிம்மதியாக இருப்பார். மாட்டிக்கொள்வது ஊரில் இருப்பவர்.

பெரிய அமைப்பு வழியாகக் கொடுப்பதானால், அதன் பதிவு இன்றைக்குச் செல்லுபடியாகிறதா, எந்தத் தேதி வரை என்று முதலில் கேட்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். பிள்ளை ஒன்பதாவதில் இருந்து, பதிவு பத்தாவது முடிவதற்குள் காலாவதியாகிறது என்றால், புதுப்பிக்க மறுத்தால் என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே கேட்பது ஸ்பான்சரின் வேலை. அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகளை எஃப்.சி.ஆர்.ஏ இணையதளத்தில் பொதுமக்கள் பார்க்க முடிந்த வசதியை 2022 ஜூலையில் அமைச்சகம் நீக்கிவிட்டது. அதனால் தணிக்கை அறிக்கையை அந்த அமைப்பிடமே கேட்டு வாங்க வேண்டும்.

அரசு எதுவும் கொடுப்பதில்லையா?

கொடுக்கிறது. ஆனால் இரு முனைகளிலும் அதிகம், நடுவில் குறைவு. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை காலை உணவு. பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு. கல்லூரிக்குப் போய்விட்டால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். பட்டப் படிப்பில் சேர்ந்து அந்த 1,000 ரூபாயை எட்டுவதற்கு முதலில் பன்னிரண்டாவது முடிக்க வேண்டும்.

நடுவில் உள்ள நான்கு ஆண்டுக்கு என்ன இருக்கிறது? எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியருக்கு 1,000 ரூபாய், மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. இடைநிற்றலைக் குறைக்க பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 1,500, 1,500, 2,000 என மொத்தம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தனி உதவித்தொகைகள் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். என்.எம்.எம்.எஸ்ஸின் மாதம் 1,000 ரூபாய் என்பது மூன்று நாள் கூலி.

இதைவிடப் பெரிய தொகை ஒன்று அரசிடமே இருக்கிறது, பெயரே 'ஸ்பான்சர்ஷிப்'தான். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ உள்ள, பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும், பெற்றோருக்குக் கடும் நோயுள்ள பிள்ளைகள் போன்றோருக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறமானால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டு முழுக்கக் கூலி வேலை பார்க்கும் இருவர் உள்ள குடும்பம் இந்த வரம்பைத் தாண்டிவிடும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய்.

இரண்டு பெற்றோரும் உயிரோடு, உடல்நலத்தோடு, ஏழையாக மட்டும் இருக்கும் வீட்டுப் பிள்ளை என்.எம்.எம்.எஸ்ஸிலும் தேர்வாகவில்லை என்றால், இந்த எந்தப் பட்டியலிலும் பெரிதாகச் சிக்காது. வெளிநாட்டு ஸ்பான்சர்கள் இத்தனை காலம் நிரப்பி வந்த இடமும் இதுதான்.

ஆயக்குடிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் ஊர் பெயரைச் சொன்னால், கொய்யாவுக்கு முன்னால் அங்கே நடக்கும் இலவசப் பயிற்சி மையத்தைச் சொல்வார்கள். காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருக்கிற ஊர் அது. பழனியில் தேவஸ்தானக் கல்லூரிகளும் பக்கத்திலேயே உள்ளன. பன்னிரண்டாவதைத் தாண்டிவிட்டால் அந்தப் பகுதிப் பிள்ளைக்கு அடுத்த படி தெரியும் தூரத்தில்தான் இருக்கிறது.

அதனால், வெளிநாட்டில் இருந்து உதவ நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் போட்டோவை அல்ல, வகுப்பை. எட்டாவது என்றால் என்.எம்.எம்.எஸ் தேர்வுக்குத் தயார்படுத்தும் செலவு. அந்தத் தேர்வு ஒருமுறைதான், ஒன்பதாவது போனபின் எழுத முடியாது. பத்தாவது என்றால், ரிசல்ட் வந்து மில் ஏஜென்ட் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், அடுத்த இரண்டு ஆண்டுக்கான தொகை தயாராக இருக்க வேண்டும். தகுதியுள்ள பிள்ளை என்றால், மிஷன் வாத்சல்யா விண்ணப்பத்தைத் திண்டுக்கல்லில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கொடுக்கலாம். வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, ஆதார், பிள்ளையின் பெயரிலோ பாதுகாவலரோடு சேர்த்தோ வங்கிக் கணக்கு கேட்பார்கள்.